எல்லா விவரமும் சரியாக இருந்த செலான்

"ஆயிரம் ரூவாதானே டீச்சர், கெட்டிட்டுப் போங்க." எங்கள் ஸ்கூட்டருக்குப் போட்டிருந்த ஒரு போக்குவரத்து அபராதச் செலானைப் பற்றி, கொஞ்ச காலமாக நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். ஆர்டிஓ ஆபீஸுக்கு எதிரே ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். வீட்டில் மாமி, "ஸ்டேஷன் படி ஏறதுக்குப் பதிலா அந்த ஆயிரத்தத் தூக்கி எறிஞ்சிரு மக்களே" என்றார். யாரும் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. லீவு போட்டு, பஸ் ஏறி, ஒருவர் இன்னொருவரிடம் அனுப்ப, அவர் வேறொருவரிடம் அனுப்ப, கடைசியில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து என்ன கண்டோம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அன்றைக்கு என்னால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வண்டி என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் மஸ்கட்டில் இருக்கிறார். லோன் போட்டு வாங்கிய ஸ்கூட்டர். கடைசித் தவணையும் முடிந்ததால் பேங்கில் கடன் பாக்கியில்லை என்ற என்ஓசி வாங்கி, ஆர்சி புக்கில் கிடக்கும் ஹெச்பியை, அதாவது வண்டி மேல் லோன் இருக்கிறது என்ற பதிவை, எடுத்துவிடலாம் என்று போனேன். ஃபாரம் நிரப்புகிறவர் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செலான் ஒண்ணு பெண்டிங்ல நிக்குது, அத முடிச்சாத்தான் இது நகரும்" என்றார். எங்களுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. எஸ்எம்எஸ் போயிருக்கும். ஆனால் அது வண்டி வாங்கும்போது கொடுத்த நம்பருக்குப் போயிருக்கும். அவர் வெளிநாடு போனபிறகு அந்த நம்பர் செத்துப்போயிற்று. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. வளைகுடாவிலும் கப்பலிலும் ஆழ்கடலிலும் இருக்கிற ஆண்களின் பெயரில் வண்டி கிடக்கும், ஓட்டுவது ஊரில் இருக்கும் பெண்கள். அரசாங்கத்தின் தகவலோ எடுக்க ஆளில்லாத ஒரு போனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு சந்திப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 194டி, தலைக்கவசம் அணியாமல் ஓட்டியது, அபராதம் 1,000 ரூபாய். கீழே ஒரு படம் இருந்தது. கறுப்பு வெள்ளை பிரிண்டில் அது வெறும் மை அப்பிய சதுரமாக வந்திருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்காரர் பெயர், மாமாவின் பெயர், வீட்டு விலாசம், போஸ்ட், பின்கோடு, வண்டியின் வகை, கம்பெனி என்று எதிலும் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ரேஷன் கார்டில்கூட மாமாவின் பெயர் இவ்வளவு சரியாக இல்லை.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஊர் ஆலயத் திருவிழாவின் கடைசி நாள். தேர் சுற்றி வருவதற்காக எங்கள் தெருவை இரண்டு பக்கமும் அடைத்திருந்தார்கள். வீட்டை விட்டு வண்டியை வெளியே எடுக்க வழியே கிடையாது. நான் நடந்துதான் பூசைக்குப் போனேன். ஸ்கூட்டர் நாள் முழுக்கத் திண்ணை ஓரத்தில் கிடந்தது, மேலே மாமி துணி உலர்த்தியிருந்தார்.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஹெல்மெட் அபராதத்தின் மேல் எந்த மனக்குறையும் கிடையாது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அந்த அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஆயிரமாக ஏறியபோது பள்ளிக்கூடத்தில் பலரும் கொதித்தார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை உள்ள தேசிய நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள், இன்னொரு பக்கம் அரசு பஸ், நடுவில் இருக்கிற இடுக்கில் நம் பிள்ளைகளின் பைக். என்னிடம் படித்த ஒரு பையனை அந்தச் சாலையில் இழந்திருக்கிறோம். அவனுடைய ஹெல்மெட் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. அதனால் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நான் சண்டை போட்டது, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்ன ஒரு காகிதத்தோடு.

இன்னொன்றையும் சொல்கிறேன். 194டி பிரிவை எடுத்துப் படித்தால், ஆயிரம் ரூபாயோடு அது நிற்பதில்லை. மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியை இழப்பதும் அதே வரியில் இருக்கிறது. எல்லாருக்கும் அதை நடைமுறைப்படுத்துகிறார்களா என்பது வேறு விஷயம். ஆனால் சட்டத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறார். லீவில் வரும்போது இங்குள்ள லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டுதான் போவார். அவர் பெயரில் செய்யாத ஒரு குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுக் கிடப்பதை "ஆயிரம்தானே" என்று என்னால் தள்ள முடியவில்லை. பணத்தைக் கட்டுவது என்றால் சட்டப்படி குற்றத்தை ஒத்துக்கொண்டு இணக்கமாக முடித்துக்கொள்வது. 200-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கட்டியதும் வழக்கு முடிந்துவிடும். முடிந்த பிறகு "நான் இல்லை" என்று சொல்லப் போனால் கேட்க அங்கே மேசை கிடையாது.

பிழையுள்ள காகிதமும் பிழையில்லாத காகிதமும்

இதே நாட்களில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் ஒரு செலான் வந்திருந்தது. அவர் ஹெல்மெட் போடாமல் போனது உண்மை. கறிக்கடைக்குப் போனபோது பிடித்தார்கள், அவரே சொல்வார். ஆனால் அவர் காகிதத்தில் இனிஷியல் மாறியிருந்தது, தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. பழைய ஆர்சியில் அந்தக் காலத்தில் யாரோ டைப் அடித்ததுதான் அப்படியே வந்திருக்கிறது. அவரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது செல்லாது டீச்சர். பேரே எனக்கில்ல. கோர்ட்ல நின்னா தள்ளிருவாங்க. நீங்களும் உங்க காகிதத்துல எங்கயாவது தப்பு இருக்கான்னு நல்லாப் பாருங்க" என்றார். யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு எழுத்து பிசகினாலும் செலான் ரத்து என்று.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்தவர் தன் காகிதத்தில் இருக்கும் எழுத்துப் பிழையைக் காட்டித் தப்பிக்கலாம் என்கிறார். செய்யாத என் காகிதத்திலோ காட்டுவதற்கு ஒரு பிழைகூட இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அப்படியென்றால் ஒரு காகிதம் உண்மையா பொய்யா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

என்னிடம் படித்து இப்போது குழித்துறை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு பெண்ணிடம் போனில் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். பெயரில் எழுத்துப் பிசகு, விலாசத்தில் பின்கோடு தப்பு, இவையெல்லாம் ஆளையும் செயலையும் மாற்றுவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 465-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 511-ஆம் பிரிவாக இருக்கிறது. எழுத்திலோ நடைமுறையிலோ உள்ள பிசகு நியாயத்தையே கெடுத்திருந்தால் ஒழிய, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பைத் தள்ளக்கூடாது என்பதுதான் அதன் சாரம். "அந்த அண்ணனக் கெட்டச் சொல்லுங்க டீச்சர், அவரு போனது அவருக்கே தெரியுமே" என்றாள். பிறகு என் விஷயத்துக்கு வந்தாள். "உங்க காகிதத்துல பிழை இல்லன்னு சொல்லாதீங்க. வண்டி நம்பருதான் பிழையா இருக்கும். மத்ததெல்லாம் அந்த நம்பரப் பின்பத்தி வந்தது."

இதை நான் அதற்குமுன் யோசித்ததே இல்லை. கையில் வைத்திருக்கும் மெஷினில் போலீஸ்காரர் அடிப்பது வண்டி நம்பரை மட்டும்தான். குற்றத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார். பெயர், விலாசம், வண்டியின் ரகம் எல்லாவற்றையும் மெஷின் 'வாகன்' என்கிற வண்டிப் பதிவேட்டிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். கார்பன் தாள் வைத்துக் கையால் ரசீது எழுதிய காலத்தில் நம்பரைத் தப்பாக எழுதினால், பெயரும் நிறமும் அதோடு ஒட்டாது. பார்த்தவுடனேயே எங்கோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது ஒரு இலக்கம் தவறினால், சம்பந்தமே இல்லாத இன்னொரு குடும்பத்தின் விவரம் முழுக்க, ஒரு புள்ளி பிசகாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். ஆர்டிஓ ஆபீஸில் நம்பினார்கள், மாமி நம்பினார். என் வீட்டுக்காரரே போனில், "நீ ஏதாவது அவசரத்துல அந்தப் பக்கம் போனியா?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கு வலித்தது. ஆனால் அவர் மேல் தப்பில்லை. அவருடைய அப்பாவின் பெயரைச் சரியாகச் சொல்கிற காகிதம் வேறெதிலும் பொய் சொல்லாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எழுத்துப் பிழை என்றால் எழுத்தில் தெரிகிற பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டியலில் ஒரு வரி தள்ளித் தட்டினால் 194டி 194பி ஆகிவிடும். ஒன்று ஹெல்மெட், மற்றது சீட் பெல்ட், இரண்டுக்கும் அபராதம் ஆயிரம்தான். பைக்கில் போனவருக்கு சீட் பெல்ட் போடவில்லை என்றும், காரில் போனவருக்கு ஹெல்மெட் இல்லை என்றும் செலான் வந்த செய்திகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிழைகள் ஒருவகையில் நல்லவை, பார்க்கிற யாரும் பிழை என்று ஒத்துக்கொள்வார்கள். நம்பர் மாறுகிற பிழை அப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு அதற்கு இன்னும் வாய்ப்பு அதிகம். நாகர்கோவில் வண்டிகளுக்கு டிஎன் 74, எல்லைக்கு அந்தப் பக்கம் காட்டாக்கடை வண்டிகளுக்கு கேஎல் 74. மெடிக்கல் காலேஜுக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்சிசிக்கும் தினமும் திருவனந்தபுரம் போகிற ஆயிரம் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அந்தப் பக்கம் 2023 ஜூன் 5 முதல் நூற்றுக்கணக்கான கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கியிருக்கின்றன. முன்னால் உள்ள இரண்டு எழுத்தை ஒருவர் கவனிக்காமல் விட்டால் போதும், எந்த ஊர்க்காரர் தலையில் எது வந்து விழும் என்று சொல்ல முடியாது.

அங்கே இல்லை என்று எப்படிக் காட்டுவது

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் புகார் போட வழி இருக்கிறது. போட்டேன். அது கடைசியில் செலான் போட்டவர்களின் மேசைக்குத்தான் வந்து சேரும் என்று சொன்னார்கள். அதனால் நேரிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தேன். எந்த ஸ்டேஷன் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

கையில் ஒரு ஃபைல் கொண்டுபோயிருந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பலமாகத் தெரிந்தது வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் நகல். அந்தத் தேதியில் அவர் இந்தியாவிலேயே இல்லை, முத்திரை இருக்கிறது. இதைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அங்கிருந்த எஸ்எஸ்ஐ (சிறப்பு உதவி ஆய்வாளர்) அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மேடம், ஓட்டுனது அவருன்னு நாங்க சொல்லலியே. வண்டி அவரு பேருல இருக்கு. யாரு ஓட்டுனான்னு அவருதான் சொல்லணும்." அவர் சொன்னது சட்டப்படி சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி போலீஸ் கேட்டால், வண்டியை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைக் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. ஆக, நான் பெரிய ஆதாரம் என்று கொண்டுபோனது கேள்வியைத் தொடவே இல்லை.

பிறகு திருவிழாவைச் சொன்னேன், தெரு அடைத்ததைச் சொன்னேன். திருவிழா நோட்டீஸில் தேர்பவனி நேரம் போட்டிருந்தது, அதையும் காட்டினேன். "தெரு அடைக்கதுக்கு முன்னாலயே யாராவது எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றார். போயிருக்கலாம்தான். இல்லை என்று நான் எதை வைத்துச் சொல்வது? மாமியைச் சாட்சிக்குக் கூட்டி வரவா? பெட்ரோல் பில் இல்லை, கேமரா இல்லை, கிலோமீட்டர் மீட்டரை யாரும் தினமும் எழுதி வைப்பதில்லை. ஒரு வண்டி ஓர் இடத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கும். திண்ணையோரத்தில் சும்மா கிடந்தது என்பதற்கு உலகத்தில் யார் ஆதாரம் வைத்திருக்கிறார்கள்? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான், செய்யாத ஒருவர் ஏன் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து போகிறார் என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது. வாதத்தில் தோற்று அவர் போவதில்லை. தன் சாதாரண ஒரு நாளை நிரூபிக்க வழியில்லாமல் போகிறார். நான் படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், கேட்டுச் சொல்ல ஒரு வக்கீல் மாணவி இருக்கிறாள். எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. மீன்கூடையோடு காலை பஸ் பிடிக்கிற ஒரு பெண்ணுடைய மகன் பெயரில் இந்தக் காகிதம் வந்திருந்தால் அவர் இந்த நாற்காலி வரைக்கும் வந்திருப்பாரா?

படம் பாத்தியளா

எழுந்து போகலாம் என்று ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் நிமிர்ந்தார். வயதானவர், ரிட்டயர் ஆக அதிக நாள் இருக்காது. "டீச்சர், படம் பாத்தியளா?" என்று கேட்டார். பிரிண்டைக் காட்டினேன், கறுப்பாக இருக்கிறது என்றேன். "இதுல என்ன தெரியும்? நீங்க எங்க இருந்தீங்கன்னு எங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கீங்க. நாங்க என்னத்தப் பாத்தோம்னு எங்ககிட்ட கேக்கவே இல்லியே. அதல்லா மொதல்ல கேக்கணும்?"

அவர் பேச்சில் கண்டிப்பும் இல்லை, கேலியும் இல்லை. பாடம் புரியாத பிள்ளைக்கு நான் சொல்கிற தொனியில்தான் சொன்னார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, செலான் நம்பரை அடித்து, படத்தைத் திறந்து பெரிதாக்கினார். எங்களுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர். படத்தில் இருந்தது ஒரு சிவப்பு ஸ்கூட்டர். பின்னாலிருந்து எடுத்த படம். நம்பர் பிளேட் பழைய ஸ்டிக்கர் எழுத்து, ஓரம் உரிந்து போயிருந்தது. எங்கள் நம்பரின் கடைசி இலக்கம் மூன்று. அந்த வண்டியின் கடைசி இலக்கம் எட்டு. எட்டின் இடது பக்கத்து ஸ்டிக்கர் பெயர்ந்து போயிருந்ததால் தூரத்திலிருந்து மூன்றாகத் தெரியும். பெரிதாக்கினால், பெயர்ந்த இடத்தில் பசை பிடித்த தடம் வளைவாகத் தெரிந்தது.

எஸ்எஸ்ஐயும் வந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெயில்ல நின்னு அடிச்சுருப்பாங்க" என்றார். அதையும் நான் நம்புகிறேன். நெரிசலில் நின்று, ஓடும் வண்டியின் நம்பரைப் படித்து, விரலால் மெஷினில் தட்டுகிற வேலையில் ஒரு இலக்கம் பிசகுவது மனித இயல்பு. அதற்காக நான் ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். எட்டு மூன்றானதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் படம் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. சாம்பல் வண்டிக்கும் சிவப்பு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பாஸ்போர்ட்டையும் திருவிழா நோட்டீஸையும் புரட்டிப் பார்க்க நேரம் இருந்தது, தங்கள் கையில் இருந்த படத்தைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை. நோட்டீஸ் கையில் வந்ததும் நாம் எல்லாரும் செய்வது இதுதான், நம்மை விளக்கத் தொடங்கிவிடுகிறோம். குற்றம் சொன்னவரிடம் எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்பதை ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி நினைக்கிறோம்.

கேமரா போடுகிற செலானுக்கு இந்தக் கேள்வியைச் சட்டமே முன்கூட்டிக் கேட்டு வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். மீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிகிற படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும், நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அப்போது அதில் எழுதினார்கள். தெருவில் நின்று கையால் தட்டுகிற செலானுக்கும் அதே கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். மனிதக் கண்ணும் விரலும் படுகிற இடத்தில்தானே பிசகு அதிகம் வரும்?

ரத்தான பிறகு

எஸ்எஸ்ஐக்கு அதை அங்கேயே அழிக்கிற அதிகாரம் இல்லை. வெள்ளைத்தாளில் மனு எழுதச் சொன்னார். ஆர்சி நகல், வண்டியைப் பின்னாலிருந்து எடுத்த எங்கள் படம், அந்த செலானின் கலர் பிரிண்ட் மூன்றையும் இணைத்துக் கொடுத்தேன். ரைட்டர் அதில் ரசீது முத்திரை போட்டு ஒரு நகலை என்னிடம் தந்தார், நான் கேட்காமலே. மேலே அனுப்பி, கொஞ்ச நாள் கழித்து வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தபோது செலான் காணாமல் போயிருந்தது. ஹெச்பியும் நீங்கிவிட்டது. அந்த மட்டும் சந்தோஷம்.

காணாமல் போயிருந்தது என்றுதான் சொல்ல முடிகிறது. தப்பாக எழுதப்பட்டது, ரத்து செய்யப்பட்டது என்று ஒரு வரி எங்கும் இல்லை. எஸ்எம்எஸ்கூட இல்லை. குற்றம் சாட்டும்போது அப்பா பெயர் முதல் பின்கோடு வரை எழுதத் தெரிந்த மெஷினுக்கு, பிழை என்று சொல்ல ஒரு வரி எழுத வராமலா போகும்? நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட என்னிடம் இருப்பது ரைட்டர் முத்திரை போட்டுத் தந்த மனுவின் நகல் மட்டும்தான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் யாருக்குச் செலான் வந்தாலும் என்னிடம் வருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் படத்தைக் கலரில், பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி உங்களுடையதுதான் என்றால், பெயரில் எழுத்துப் பிசகு இருந்தாலும் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கட்டாதீர்கள். ஆர்சியில் இருக்கிற போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், கட்டாமல் கிடக்கிற செலான் ஒருநாள் ஆன்லைனிலேயே நடக்கிற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும், அந்தத் தகவலும் அதே நம்பருக்குத்தான் வரும். அங்கே போனபிறகும் கட்டுவதா, எதிர்த்து நிற்பதா என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு, ஆனால் எதிர்த்தால் வழக்கு நேரடி கோர்ட்டுக்கு மாறும், அலைச்சல் கூடும். அதற்கு முன்பே ஸ்டேஷனில் படத்தைக் கேட்டுவிடுவது நல்லது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வக்கீல் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு கட்டினார். இப்போது கறிக்கடைக்கும் ஹெல்மெட் போட்டுத்தான் போகிறார்.

ஆனால் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தில் சிவப்பு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு ஒரு சின்ன வயது ஆள், பின்னால் அவர் மனைவியாக இருக்கலாம், நடுவில் யூனிஃபார்ம் இல்லாத ஒரு பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைதானே. மூன்று பேர் தலையிலும் ஒன்றும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது, அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதாவது இருக்கும். ஆயிரம் ரூபாய் அபராதம் எதற்கு இருக்கிறதோ அந்தக் காரணம் அப்படியே அந்தப் படத்தில் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒரு இலக்கம் பிசகி என் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் மாதக்கணக்கில் செய்யாத குற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே சாலையில் அதே மாதிரி போய்க்கொண்டிருந்திருப்பார்கள். என் செலானை ரத்து செய்தால் எட்டாம் நம்பர் வண்டிக்குப் புதிதாகப் போடுவீர்களா என்று எஸ்எஸ்ஐயிடம் கேட்டேன். "அது பழசாயிடுச்சு மேடம், விட்ருவாங்க" என்றார்.

விடக்கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது. பணம் வசூலிக்க வேண்டாம், அவர்களைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினால்கூடப் போதும். எஸ்பி ஆபீஸில் மனு வாங்கும் புதன்கிழமையில் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். தவறான செலானை ரத்து செய்யும்போது காரணத்தோடு வண்டி உரிமையாளருக்கு ஒரு தகவல் அனுப்ப வேண்டும் என்றும், நம்பர் பிசகினால் படத்தில் இருக்கிற சரியான வண்டிக்கு ஒரு எச்சரிக்கையாவது போக வேண்டும் என்றும் இரண்டே கோரிக்கை. வாங்கிக்கொண்டு மனு நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். பதிலுக்கு என் போன் நம்பரைத்தான் எழுதியிருக்கிறேன், வீட்டுக்காரருடையதை எழுதவில்லை.